கொட்டியாரக் குடாவும் கஞ்சாச் சட்டமும்: இலங்கையின் போதைப்பொருட் கட்டுப்பாட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ளது மூதூர். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள இவ்வூரின் பழமையை அதன் பெயரே கூறும். குடாவின் வடபுறத்தில் ஆழ்ந்த துறைமுகமும் கோணேசர் கோயிலும். தென்புறத்தில் ஆற்று வண்டலும் வயலும் மீனவர் குடில்களும். இக்குடாவை விரும்பாத வல்லரசு கீழைக்கடலில் இருந்ததில்லை எனலாம். 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் டி லா ஹே தன் கப்பல்களோடு இங்கே வந்தான். 1782இல் சுஃப்ரெனும், 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். இப்போர்க் கப்பல்களின் வரவு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கடல்வழி வந்த சரக்குகளைப் பற்றியும், அச்சரக்குகளைப் பின்தொடர்ந்து வந்த சட்டங்களைப் பற்றியும் எழுதியோர் மிகச் சிலரே. அபின், கஞ்சா முதலியவற்றைக் கட்டுப்படுத்த இலங்கையில் இயற்றப்பட்ட சட்டங்கள் உள்நாட்டில் மட்டும் முளைத்தவை அல்ல. வெளிநாட்டில் முடிவு செய்யப்பட்டு மட்டும் வந்தவையும் அல்ல. இவ்விரு முனைகளும் எவ்வாறு பிணைக்கப்பட்டன, அப்பிணைப்பில் யாருடைய குரல் கேட்கப்படாது போயிற்று என்பன ஆராய்வதற்குரிய வினாக்களாகும்.

இவ்வரலாற்றின் முதல் ஏடு மூதூரிலேயே எழுதப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்பிரலில் அதன் தலைவர் றொபேட் நொக்சும், அதே பெயர் கொண்ட அவர் மகனும், வேறு மாலுமிகளும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே திறந்தவெளிக் கைதியாக வாழ்ந்து, 1679இல் அநுராதபுரக் காடுகளினூடே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் 17ஆம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி அறிவதற்கு இன்றளவும் முதன்மையான சான்றாகும். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடத்தில் நின்றதாகக் கருதப்பட்ட புளியமரத்தை மக்கள் வெள்ளைக்காரனின் மரம் என வழங்கினர். அவ்விடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

நொக்சின் நூலிலே இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வடக்கேயுள்ள வறண்ட பிரதேசத்திலே பண்டம் விற்பவர்போலத் திரிந்து தப்பும் வழி தேடிய காலத்தில், அவரும் அவர் தோழரும் தேங்கிக் கலங்கிய குளத்து நீரையே பருக நேர்ந்தது, அதனால் நோயுற்றனர். அப்போது அந்நாட்டு மக்கள் அவர்களுக்கு ஒரு மருந்து காட்டினர். உலர்ந்த இலையொன்றை இடித்து, பனைவெல்லம் போன்ற கருஞ்சருக்கரையோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்பதே அம்மருந்து. அந்த இலை கஞ்சா. அது மூளையை மயக்குவது என்பதையும் நொக்ஸ் மறைக்கவில்லை. நீரின் கேடு நீங்கியது என்பதையும் மறைக்கவில்லை. இலண்டன் திரும்பிய நொக்ஸ் பிற்காலத்தில் அறிவியலறிஞர் றொபேட் ஹூக்கின் நண்பரானார். 1689ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஹூக் அரச கழகத்தின் முன்னிலையில் இச்செடியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். இதனைப் பலமுறை உண்ட ஒருவரிடமிருந்து தாம் பெற்ற தகவல்களை அவர் அவ்வுரையில் எடுத்துரைத்தார். அவ்வாறு உண்டவர் நொக்சே. ஆங்கில மொழியிலே கஞ்சாவைப் பற்றி எழுந்த முதல் அறிவியல் விளக்கமாகக் கருதப்படுவது இவ்வுரை. அதில் அச்சம் இல்லை, ஆர்வமே உண்டு. இச்செடியை இங்கிலாந்தில் வளர்த்துப் பார்க்கலாம், மருந்தாகக் கொள்ளலாம் என்பதே ஹூக்கின் எண்ணமாயிருந்தது. மேற்குலகம் இச்செடியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு இன்னும் 236 ஆண்டுகள் இருந்தன.

நொக்சுக்கு மருந்து காட்டிய குடியானவனுக்கு அது புதுமையன்று. தமிழ் மருத்துவத்திலும் ஆயுள்வேதத்திலும் கஞ்சாவுக்கும் அபினுக்கும் நீண்டகால வழக்குண்டு. கஞ்சாவைத் தமிழ் வைத்திய நூல்கள் சிவமூலி எனவும், வடமொழி நூல்கள் விசயா எனவும் குறிக்கும். வயிற்றோட்டம், உறக்கமின்மை, வலி ஆகியவற்றுக்கான சூரணங்களிலும் இலேகியங்களிலும் அது சேரும். சிங்கள மக்கள் மத்தியில் மதனமோதகம் என்னும் இலேகிய உருண்டை இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது. அபினோ வயிற்றுக்கடுப்புக்கும் இருமலுக்கும் கைகண்ட மருந்து. அபினைத் தரும் செடியின் விதையாகிய கசகசா எவருடைய அடுக்களையிலும் இருப்பது. ஒரே செடியின் விதை உணவாகவும் பால் நஞ்சாகவும் கருதப்படும் நிலையில், சட்டம் எந்தப் பகுதியைத் தொடலாம் என்ற சிக்கல் பின்னாளில் ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் கூடிய அறிஞர்களை நெடுநாள் திகைக்க வைத்தது.

ஆங்கிலேயர் இலங்கையை ஆண்ட காலத்தில் இப்பொருள்கள் முதலில் வருவாய்ப் பொருள்களாகவே அரசின் கண்ணுக்குப் பட்டன. இது வியப்பன்று. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பனி வங்காள அபினைப் பத்தாவியாவுக்குக் கொண்டு சென்று விற்றே பெரும்பொருள் ஈட்டியது. அதற்கென 1745இல் தனியொரு சங்கமே அங்கு அமைக்கப்பட்டது. ஆங்கிலக் கும்பனியும் அதன் பின்வந்த இந்திய அரசாங்கமும் சீனத்துக்கு அபின் அனுப்பி, அதைக் காக்க இரண்டு போர்களையும் நடத்தின. சிங்கப்பூரில் அபின் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டே குடியேற்ற அரசு நடந்தது. இலங்கையில் 1867இல் அபின், பங்கி ஆகியவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளிலே விற்கலாம், பெறாதவர் விற்றல் குற்றம் என்பதே அதன் சாரம். கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த பொருள் இதுவே: விற்பவன் அரசுக்குப் பணம் கட்டியவனா என்பதைப் பார்த்தல். நுகர்வோனின் உடல்நலம் அச்சட்டத்தின் ஓரத்தில் நின்றது.

இந்நிலையை மாற்றிய முதல் அலை இங்கிலாந்திலிருந்தே வந்தது. 1874இல் அங்கே தோன்றிய அபின் வாணிப எதிர்ப்புச் சங்கம், சமயப் பற்றும் அரசியல் திறனும் உடைய பலரை ஒன்றுதிரட்டியது. 1893இல் இரு ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. ஒன்று பிராசி பிரபு தலைமையிலான அபின் பற்றிய அரச ஆணைக்குழு. மற்றொன்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கெயின் என்பார் எழுப்பிய வினாவின் விளைவாக இந்தியாவில் அமைந்த கஞ்சா ஆணைக்குழு. மூதூரில் நொக்சுக்குக் கல் நாட்டப்பட்ட அதே ஆண்டில், நொக்சுக்கு உயிர்கொடுத்த இலையைப் பற்றி இந்தியா முழுவதும் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர் என்பது வரலாற்றின் ஒரு சிறு விளையாட்டு. கஞ்சா ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துப் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டியதுமன்று தக்கதுமன்று, வரியும் அனுமதிப்பத்திரமுமே போதும் என்பது அதன் முடிவு. அவ்வாணைக்குழுவில் இந்தியர்களும் உறுப்பினராயிருந்தனர். வைத்தியரும் சாதுக்களும் உழவரும் அதன்முன் பேசினர். பின்னர் நடந்த பன்னாட்டு மாநாடு எதிலும் இவ்வளவு விரிவாக இச்செடியைப் பயன்படுத்துவோர் பேச இடமளிக்கப்படவில்லை. அபின் ஆணைக்குழுவும் 1895இல் பழைய நிலையே தொடரலாம் என்றது. ஆயினும் மக்கள் மனப்போக்கு அறிக்கைகளைக் கடந்து சென்றது.

1906 மே 30ஆம் நாள் பிரித்தானியப் பொதுச் சபை இந்திய-சீன அபின் வாணிபம் அறநெறியின்பாற் காக்க முடியாதது என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டிலேயே இந்திய அபின் ஏற்றுமதியைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சீனத்துடன் உடன்பாடு காணப்பட்டது. இலங்கையிலும் 1890கள் தொடங்கி அபின் கடைகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி பயனளித்தது. 1910ஆம் ஆண்டளவில் அபின் கடைகள் மூடப்பட்டு, இறக்குமதியும் வினியோகமும் அரசின் கைக்கு வந்தன. பதிவுசெய்த பழக்கமுடையோரும் பதிவுசெய்த நாட்டு வைத்தியரும் மட்டுமே அளவோடு பெறலாயினர். பதிவேடு என்ற கருவி இங்கேதான் நுழைகிறது. இதுவரை வைத்தியன் தன் தோட்டத்து மூலிகையைப் பறிப்பவனாயிருந்தான். இதன்பின் கச்சேரி வாயிலில் பெயர் பதிந்து மருந்து கேட்பவனாகிறான். இம்மாற்றம் நல்லதா தீயதா என்பதில் இருபக்கமும் நியாயம் உண்டு. கடைகளை மூடியமை மெய்யாகவே பல குடும்பங்களைக் காத்திருக்கும். ஆனால் மருந்தையும் போதையையும் ஒரே பேரேட்டில் எழுதும் வழக்கமும் அன்றே தொடங்கியது.

1909 பெப்ரவரியில் சாங்காயில் 13 நாடுகள் கூடி அபினைப் பற்றி ஆலோசித்தன. 1912 சனவரி 23ஆம் நாள் ஹேக் நகரில் முதற் பன்னாட்டு அபின் உடன்படிக்கை கைச்சாத்தானது. அவ்வுடன்படிக்கையில் பிரித்தானியா கைச்சாத்திட்டபோது ஒரு குறிப்பைச் சேர்த்தது. தனது அரசு அதனை உறுதிப்படுத்துமாயின், பிரித்தானிய இந்தியா, இலங்கை, நீரிணைக் குடியேற்றங்கள், ஹொங்கொங், வெய்ஹாய்வெய் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும் என்பதே அக்குறிப்பு. பன்னாட்டுப் போதைப்பொருட் சட்டத்தினுள் இலங்கையின் பெயர் நுழைந்தது இவ்வாறுதான்: பிறர் போட்ட கையொப்பத்தின் கீழ், ஐந்து பெயர்களில் ஒன்றாக. முதலாம் உலகப் போருக்குப் பின் வெர்சேய் உடன்படிக்கையின் 295ஆம் உறுப்புரை, ஹேக் உடன்படிக்கையை ஏற்றலை அமைதியின் நிபந்தனைகளுள் ஒன்றாக்கியது. போரில் தோற்ற ஜேர்மனியும், போருக்குச் சற்றும் தொடர்பில்லாத கொட்டியாரத்து வைத்தியனும் ஒரே விதிக்குள் வந்தனர்.

1925இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டிலே கஞ்சாவின் விதி மாறியது. மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் அப்பொருள் இருக்கவில்லை. எகிப்தியப் பிரதிநிதி முகம்மது எல் குயின்டி, தம் நாட்டில் அசீசு விளைக்கும் கேட்டைக் கடுமையாக எடுத்துரைத்து அதையும் சேர்க்க வேண்டுமென்றார். எகிப்தின் கவலை உண்மையானதே. ஆயினும் நைல் நதிக்கரையில் புகைக்கப்பட்ட பிசினும், கீழை நாடுகளில் வெல்லத்தோடு உண்ணப்பட்ட இலையும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை முன்வைத்து வாதாட இலங்கை வைத்தியன் எவனும் அங்கு இருக்கவில்லை. 30 ஆண்டுகளுக்கு முன் பல தொகுதிகளாக வெளிவந்த கஞ்சா ஆணைக்குழுவின் அறிக்கை ஜெனீவாவில் பெரும் பங்கு வகிக்கவுமில்லை. 1925 பெப்ரவரி 19ஆம் நாளைய உடன்படிக்கை இந்தியச் சணலின் வெளிநாட்டு வாணிபத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் எதிரொலியாக இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் எழுந்தது. நஞ்சு விற்போரும், அபின் உண்போரும், கசகசாச் செடி, கொக்காச் செடி, கஞ்சாச் செடி பயிரிடுவோரும், ஐரோப்பிய மருந்துக் கடைக்காரரும் இந்த ஒரே சட்டத்தின் வெவ்வேறு அத்தியாயங்களில் இடம்பெற்றனர். பலமுறை திருத்தப்பட்டும் இச்சட்டமே இன்றளவும் நாட்டின் அடிப்படைச் சட்டமாக நிற்கிறது. மிகப் பழைய வீட்டுக்குப் புதுப்புதுத் தாழ்வாரங்கள் இறக்கியது போன்ற அமைப்பு இது.

சுதந்திர இலங்கை தன் கையாலேயே கையொப்பமிடும் நிலை பெற்றபின், இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 1961 மார்ச்சில் நியூயோர்க்கில் நிறைவேறிய தனி உடன்படிக்கை, முன்னைய உடன்படிக்கைகளை ஒன்றுதிரட்டியது. கஞ்சாவைக் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் அன்றிப் பிற பயன்களை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு பணித்தது. அதே 1961இல் இலங்கைப் பாராளுமன்றம் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டத்தை நிறைவேற்றி, பதிவுபெற்ற ஆயுள்வேத வைத்தியர் மருந்து செய்வதற்காக அபினும் கஞ்சாவும் பெற வழிவகுத்தது. ஒரே ஆண்டில் நியூயோர்க்கில் ஒரு கதவு அடைபட, கொழும்பில் ஒரு சன்னல் திறந்தது. 1963இல் இலங்கை தனி உடன்படிக்கையில் இணைந்தபோதும் அச்சன்னல் மூடப்படவில்லை. மருத்துவப் பயன் என்ற சொல்லுக்குள் நாட்டு மருத்துவத்தையும் அடக்கிக்கொண்டமை, சிறு நாடொன்றின் அமைதியான அரசதந்திரம் எனலாம். இது பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் உள்நாட்டுக் கொள்கையையும் வெளிநாட்டுக் கடப்பாட்டையும் மோதவிடாது இணைத்தமைக்கு இதனினும் நல்ல சான்று இலங்கை வரலாற்றில் அரிது.

ஒருங்கிணைப்பு என்ற சொல் அரசாங்க வழக்கில் வலுப்பெற்றது 1970களிலாகும். சுங்கம், மதுவரி, பொலிசு, சுகாதாரம், ஆயுள்வேதம், சிறை எனப் பல திணைக்களங்கள் ஒவ்வொன்றும் இச்சட்டத்தின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. சுங்கத்தார் கப்பலில் கண்டதைப் பொலிசார் அறியார். பொலிசார் பிடித்தவனுக்கு நோய் உண்டென்பதைச் சுகாதாரத் திணைக்களம் அறியாது. 1973இல் பொலிசுத் திணைக்களத்தில் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் தோன்றியது. அதே ஆண்டில் கொழும்புத் திட்ட அமைப்பு தனது போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1950இல் கொழும்பிலே கருக்கொண்ட பொருளாதார உதவித் திட்டம் அது; ஆசிய நாடுகளின் அதிகாரிகளை ஒன்றுகூட்டிப் பயிற்சியளிக்கும் பணியை இத்திட்டத்தின் வழியே மேற்கொண்டது. அமெரிக்காவில் போதைப்பொருட் சட்ட அமுலாக்க நிருவாகம் நிறுவப்பட்டதும் 1973இலேயே. உலகின் பல மூலைகளில் ஒரே ஆண்டில் ஒரே வகை அலுவலகங்கள் தோன்றியமை தற்செயலன்று. 1971இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கெனத் தனி நிதியம் ஏற்படுத்தியிருந்தது. பணம் தருவோர் தம்மோடு பேசுவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வாயில் இருக்க வேண்டுமென விரும்பினர்.

அடுத்த பத்தாண்டில் ஹெரோயின் வந்தது. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானித்தானத்துள் சோவியத் படையின் நுழைவும் பழைய அபின் பாதைகளைக் குலைத்தன. பாக்கித்தான் வழி வெளியேறிய ஹெரோயின் பம்பாயையும் கொழும்பையும் மேற்கு நாடுகளுக்குச் செல்லும் இடைத்துறைகளாகக் கொண்டது. இடைத்துறையில் சிந்தியது உள்ளூர் இளைஞரைப் பற்றியது. அபின் உண்ணும் முதியவரைக் கருத்தில் வைத்து 1929இல் இயற்றிய சட்டம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1984இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. தேசியக் கொள்கையை வகுத்தல், திணைக்களங்களின் முயற்சிகளை இணைத்தல், வெளிநாடுகளோடும் பன்னாட்டு நிறுவனங்களோடும் தொடர்பு கொள்ளல் ஆகிய மூன்றையும் ஒரே சபையிடம் ஒப்படைத்தது அச்சட்டம். 13ஆம் இலக்கச் சட்டமோ பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துவோருக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என விதித்தது.

இந்தியா 1985இல் போதைப்பொருட் சட்டத்தை இயற்றி, 1986 மார்ச்சில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தை நிறுவியது. தனி உடன்படிக்கை வகுத்த 25 ஆண்டுத் தவணை நெருங்கியதும் இதற்கு ஒரு காரணம். அப்போதும் இலை மட்டுமாகிய பங்கியை அச்சட்டம் கஞ்சாவின் வரைவிலக்கணத்துக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்காவிலே எல்லாத் திணைக்களங்களுக்கும் மேலாக ஒருவரை நியமிக்கும் சட்டமூலத்தை 1983 சனவரியில் சனாதிபதி றேகன் மறுத்தார். 1988இலேயே அத்தகைய கொள்கை அலுவலகம் அங்கு சட்டத்தால் அமைந்தது. ஆகவே, ஒருங்கிணைப்புச் சபையை அமைப்பதில் இலங்கை பின்தங்கியிருந்ததெனல் பொருந்தாது. அயல்நாட்டையும் அமெரிக்காவையும் முந்திக்கொண்டது. 1990 நவம்பரில் மாலேயில் சார்க் நாடுகள் போதைப்பொருள் பற்றிய உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பிராந்தியத்தின் போதைப்பொருட் குற்றங்களைக் கண்காணிக்கும் பிரிவு 1992இல் கொழும்பிலே அமைந்தது. 1912இல் பிறர் கையொப்பத்தின் கீழ் நின்ற பெயர், 80 ஆண்டுகளில் பிற நாடுகள் தகவல் அனுப்பும் முகவரியாக மாறியிருந்தது.

ஆயினும் சபை அமைதல் வேறு, அதன் கை நாடெங்கும் எட்டுதல் வேறு. 1984இல் சட்டங்கள் இயற்றப்பட்ட வேளையில், 1983 யூலை இனக்கலவரத்தின் பின் நாடு போரினுள் இறங்கிக்கொண்டிருந்தது. மூதூர்ப் பகுதி அப்போரின் துன்பத்தை நேரே அனுபவித்தது. 2006 ஓகத்தில் ஊர்மக்கள் தமிழரும் முசிலிம்களுமாக இடம்பெயர்ந்தனர். அதே மாதத்தில் 17 தொண்டுப் பணியாளர் அவ்வூரிற் கொல்லப்பட்டனர். அந்த இருபதாண்டுகளில் கொட்டியாரக் குடாவில் வள்ளம் செலுத்திய மீனவன் அனுமதிப்பத்திரம் காட்டிக் கடலுக்குச் சென்றான். நேரக் கட்டுப்பாட்டுக்குள் வலை இழுத்தான். கடலில் காவல் மிகுந்திருந்தது; அது போருக்கான காவல். போதைப்பொருளுக்கு எதிரான ஒருங்கிணைப்பு என்பது சிகிச்சை நிலையம், பாடசாலை, நீதிமன்றம், நம்பிக்கைக்குரிய பொலிசு நிலையம் ஆகியவற்றின் கூட்டு. இவை நிலைகுலைந்த ஊரிலே கொழும்பில் வகுக்கப்பட்ட கொள்கை காகிதமாகவே இருந்தது. போதைக்கு அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டதே 2007இற்றான். தூக்குமேடைக்கான விதிக்கும் மருத்துவமனைக்கான விதிக்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன என்பதே அரசின் முன்னுரிமை எது என்பதைக் காட்டப் போதுமானது.

தூக்குமேடை பற்றியும் ஒரு சொல். இலங்கையில் இறுதியாக மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 யூனிலாகும். ஆகவே 1984ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த மரணதண்டனை ஒருமுறையேனும் நிறைவேறியதில்லை. 2019 யூனில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணைகளிற் கையொப்பமிட்டதாக அறிவித்தார். யூலையில் உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. உள்நாட்டில் கடுமை காட்டும் விருப்பமும், வெளிநாட்டு மனித உரிமைக் கடப்பாடும் மோதிய தருணம் அது. பெருங்கடத்தல்காரர் எனப்பட்டோர் வெளிநாட்டு நகரங்களில் இருந்துகொண்டே தொழில் நடத்த, அவர்களை ஒப்படைக்கும்படி கேட்பதற்கு மரணதண்டனை தானே தடையாக நிற்கும் என்ற நுட்பமும் இதில் உண்டு. மரணதண்டனை ஒழித்த நாடுகள் பல, தூக்குக்கு ஆளாகக்கூடியவனை ஒப்படைக்க மறுப்பன. அச்சுறுத்துவதற்காக ஏற்றிய தண்டனை ஒத்துழைப்பைக் குறைக்குமாயின், அது கொள்கையின் இரு கைகள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதாகும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் 5 கிராம் மெதம்பெட்டமைனையும் அதே தண்டனைக்குள் கொண்டுவந்தது.

போர் முடிந்தபின் கடல் வேறு பொருளில் முக்கியத்துவம் பெற்றது. ஈரான், பாக்கித்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து புறப்படும் படகுகள் கிழக்காபிரிக்காவுக்கும் இலங்கைக்கும் ஹெரோயின் கொண்டுவரும் கடல்வழியைத் தென்வழி எனப் பன்னாட்டு நிறுவனங்கள் குறிக்கின்றன. கரைக்கு வராமல் ஆழ்கடலிலேயே உள்ளூர் மீன்பிடிப் படகுகளுக்குப் பொதிகள் மாற்றப்படுவதே இவ்வழியின் உத்தி. ஆழ்கடல் எந்த நாட்டுக்கும் உரியதன்று. அங்கே நிற்கும் படகில் ஏற, அப்படகு பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டின் இணக்கம் வேண்டும் என 1988ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை வகுத்துள்ளது. கொடியில்லாப் படகாயின் வழி எளிது. இந்த உடன்படிக்கைக்கு உள்நாட்டில் உயிர்கொடுக்கும் சட்டத்தை இலங்கை 2008இல் இயற்றியது. கப்பலேறிச் சோதனையிடும் பயிற்சி, ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகத்தின் துணையோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அளிக்கப்பட்டுள்ளது. நொக்சின் கப்பல் நங்கூரமிட்ட நீர்ப்பரப்பின் எதிர்க்கரையே அது.

ஹெரோயின் பற்றிய கதை இவ்வாறு தெளிவான வழியிற் செல்ல, கஞ்சாவின் கதை திரும்பவும் வளைகிறது. பாக்கு நீரிணையூடே தென்னிந்தியாவிலிருந்து வரும் பொதிகளைக் கேரளக் கஞ்சா என வழங்குவர். வடக்கு, கிழக்குக் கடற்கரைகளில் அது பிடிபடாத மாதம் அரிது. மறுபுறத்தில் 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழு 25 வாக்குகளுக்கு எதிராக 27 வாக்குகள் என்ற மயிரிழையில், தனி உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 2022 நவம்பரில் இலங்கை அரசு முன்வைத்த வரவு செலவுத் திட்டம், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடும் வாய்ப்பை ஆராயுமாறு யோசனை கூறியது. 1867இல் வருவாயாகத் தோன்றிய பொருள், 1929இல் குற்றமாகி, மீண்டும் வருவாயின் வாயிலில் வந்து நிற்கிறது.

இத்தனைக்கும் இடையில், 1961ஆம் ஆண்டின் சட்டம் திறந்த சன்னல் வழியாக நாட்டு வைத்தியனுக்குக் கஞ்சா எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. பயிரிடுதல் தடுக்கப்பட்டிருந்தமையால், சோதனைகளிற் கைப்பற்றப்பட்டு வழக்குச் சான்றாக வைக்கப்படும் கஞ்சாவையே, நீதிமன்றங்களின் அனுமதியோடு ஆயுள்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் பெற்று மருந்துக்கு வழங்கி வந்தது. வழக்கு முடியும்வரை ஆண்டுக்கணக்கில் களஞ்சிய அறையிற் கிடந்த இலை அது. கிடைக்கும்போது அதன் குணம் கெட்டிருக்கிறது என்ற முறைப்பாட்டை ஏற்று, மருந்துக்கென அரசின் காவலில் கஞ்சாத் தோட்டம் ஒன்றை அமைக்கப்போவதாக 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்தார். நொக்சுக்குக் காட்டில் கொடுக்கப்பட்ட உலர்ந்த இலை நீரின் கேட்டை நீக்கியது. அதே வழக்கில் வந்த வைத்தியனின் கைக்கு வந்து சேர்ந்ததோ, வழக்கு இலக்கம் ஒட்டிய சாக்கில் நான்கைந்து ஆண்டுகள் உலர்ந்த தூள்.